கோவலூர் அவையும் இடைகழியும் மலைவழியும்: பல்துறைக் கலைஞர் கூடலும் கருத்துப் பரிமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

பல துறைகளைச் சார்ந்த படைப்பாளர்கள் ஓரிடத்தில் கூடுவதாலேயே அவர்களிடையே கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்துவிடுமா என்பது இக்கட்டுரையின் வினா. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூரோடு தொடர்புடைய மூன்று கூடல்கள் இங்கு ஆராயப்படுகின்றன. மலையமான் திருமுடிக்காரியின் அவை, முதலாழ்வார் மூவர் சந்தித்ததாக மரபு கூறும் இடைகழி, மலைபடுகடாம் காட்டும் கூத்தரின் மலைவழி ஆகியன அவை. கொடை மிகுந்த இடத்திலும் பரிமாற்றம் நிகழாமல் போகலாம் என்பதையும், வரிசை அறிதல், எளியோர்க்குத் துணைநிற்றல், பின்வருவோர்க்கு வழிக்குறி விடுதல் ஆகிய மூன்றும் கூடலைப் பயனுடையதாக்குகின்றன என்பதையும் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மலையமான் திருமுடிக்காரி, கபிலர், வரிசை, அவை, இடைகழி, மலைபடுகடாம், ஆற்றுப்படை, கல்வராயன்மலை.

முன்னுரை

சங்க காலப் புரவலர் அவைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு நிலைகளில் அமைந்துள்ளன. ஒன்று, புரவலனின் கொடைச் சிறப்பைப் போற்றும் நிலை. மற்றொன்று, புரவலன் – இரவலன் உறவைச் சமூக, பொருளியல் அடிப்படையில் விளக்கும் நிலை. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் குறித்த ஆங்கில நூலும், கா. சிவத்தம்பி 1981-இல் வெளியிட்ட பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் குறித்த ஆங்கில நூலும் பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் ஆகியோரின் சமூக நிலையை விரிவாக ஆராய்ந்தன. இவ்வாய்வுகளின் வழி, கலைஞர்கள் யாரிடம் எதைப் பெற்றனர் என்பது தெளிவாயிற்று. அவர்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் எதைப் பெற்றனர் என்ற வினாவுக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்குத் திருக்கோவிலூர் பொருத்தமான களம். தென்பெண்ணையின் தென்கரையில் அமைந்த இவ்வூர் சங்கப் பாடல்களில் கோவல், கோவலூர் என வழங்கப்படுகிறது. 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இவ்வூரும், மேற்குப் பகுதியில் கல்வராயன்மலையும் உள்ளன. கல்வராயன் என்னும் பெயர் சங்கப் பாடல்களில் இல்லை. காரிக்குரிய முள்ளூர் மலையை இன்றைய மலைத்தொடருள் ஒன்றாக அடையாளம் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஆற்றங்கரை ஊரும் மலையும் ஒன்றையொன்று சார்ந்து அமைந்த நிலப்பரப்பில், யார் யாரோடு கூடினர், யார் கூட்டத்திற்கு வெளியே நின்றனர் என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

வரிசை அறிதல்: கபிலரின் திறனாய்வு

புறநானூற்றில் 121 முதல் 124 வரையுள்ள நான்கு பாடல்கள் கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடியவை. இவற்றுள் மூன்று காரியின் இயல்பைப் புகழ்வன. 122-ஆம் பாடல், அவன் நாடு அந்தணர்க்கும் அவன் பெறும் செல்வம் இரவலர்க்கும் உரியனவாக, அவனுக்கென எஞ்சுவது மனைவியின் துணை மட்டுமே என்கிறது. 123-ஆம் பாடல், கள்ளுண்டு மகிழ்ந்த வேளையில் தேர் வழங்குவது யார்க்கும் எளிது எனவும், கள்ளுண்ணாத நிலையிலும் காரி வழங்கிய தேர்கள் முள்ளூர் மலையில் பெய்த மழையின் துளிகளினும் பல எனவும் கூறுகிறது. 124-ஆம் பாடல், நாளும் புள்ளும் பொருந்தாத வேளையில் சென்று, காலமறியாது புகுந்து, திறமில்லாத சொற்களைச் சொன்னாலும் அவனிடமிருந்து வெறுங்கையோடு மீள்வார் இல்லை என்கிறது.

இம்மூன்றிலிருந்தும் 121-ஆம் பாடல் வேறுபட்டது. இது பாடாண் திணையில் அடங்காமல், பொதுவியலில் பொருண்மொழிக்காஞ்சி என்னும் துறையில் வைக்கப்பட்டுள்ளது. தொகுத்தோர் இதனைப் புகழாகக் கொள்ளாமல் அறிவுரையாகக் கொண்டனர் என்பதற்கு இத்துறைக் குறிப்பே சான்று. ஒருவனை நினைத்து நான்கு திசைகளிலிருந்தும் பரிசிலர் பலர் வருகின்றனர். அவர்க்குக் கொடுப்பது எளிய செயல். அவரவர் தகுதியின் வரிசையை அறிவதே அரிய செயல். ஆதலால் புலவரிடத்தில் எல்லோரையும் ஒன்றாகக் காணும் பொதுநோக்கினைக் கைவிட வேண்டும் என்பது பாடலின் கருத்து.

இப்பாடலை 124-ஆம் பாடலோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் கூர்மை புலப்படும். திறமற்ற சொல்லைச் சொன்னவனும் வெறுங்கையோடு மீளாத அவையில், திறமுடைய சொல்லைச் சொன்னவனுக்குக் கிடைப்பது என்ன? இருவரும் ஒரே தேரில் ஊர் திரும்புவர் எனில், சொல்லின் தரம் அங்கே கவனிக்கப்படவில்லை என்றே பொருள். ஒரு பாடலில் புகழப்பட்ட அதே இயல்பு மற்றொரு பாடலில் குறையாகச் சுட்டப்படுகிறது. கபிலர் ஒரே புரவலனைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினார் என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை. கொடையின் எல்லையை அவர் அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தம். கொடை கலைஞரைக் கூட்டும். கூடியவரை அறிந்துகொள்ளும் பணி அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

இதே சிந்தனை பிற புலவரிடமும் காணப்படுகிறது. அதியமானிடம் பரிசில் வேண்டிச் சென்ற பெருஞ்சித்திரனார், தம்மை நேரில் காணாமல் அவன் அனுப்பிய பொருளை ஏற்க மறுக்கிறார் (புறம். 208). காணாமல் தரப்படும் பொருளை ஏற்பதற்குத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கூறும் காரணம். அன்போடு கண்டு, தம் கல்வியின் அளவறிந்து தருவதாயின் தினையளவு பொருளும் இனிது என்கிறார். இங்கு மறுக்கப்படுவது பரிசில் அன்று, சந்திப்பு இல்லாத பரிசில். புலவன் நாடி வந்தது தன் சொல்லைக் கேட்டு அளவிடும் ஒரு செவியை. அச்செவி கிட்டாத இடத்தில் பொன்னும் வெறும் விலையாகிவிடுகிறது.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் வள்ளல் எழுவரை வரிசைப்படுத்தும்போது, காரி இரவலர்க்குக் குதிரையோடு அன்பு தோய்ந்த நன்மொழியையும் வழங்கினான் எனக் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. எழுவருள் காரிக்கு உரிய தனிச்சிறப்பாகச் சொல்லும் கொடையோடு சேர்த்து எண்ணப்பட்டுள்ளது. கபிலரின் அறிவுரை பயன் தந்ததா என்று வரலாற்று முறையில் நிறுவ இயலாது. ஆயினும் காரியைப் பற்றிய இலக்கிய நினைவில் பேச்சுக்கும் ஓர் இடம் அமைந்தது என்பது உறுதி.

வரிசை என்னும் சொல்லின் இருமுகம்

கபிலரின் கருத்தை முழுமையாக ஏற்பதற்கு முன் ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். அவர் பொதுநோக்கினைக் கைவிடச் சொல்வது புலவர் பொருட்டு. பரிசிலராக வருவோருள் பாணரும் கூத்தரும் விறலியரும் பொருநரும் உளர். அவருள் புலவரை வேறுபடுத்திக் காண வேண்டும் என்ற கோரிக்கை, தரம் அறிதல் என்னும் அளவில் நிற்காமல், சொற்கலையை இசைக்கலைக்கும் ஆடற்கலைக்கும் மேலாக வைக்கும் உரிமைக் குரலாகவும் ஒலிக்கிறது. வரிசை என்ற சொல் தகுதியையும் குறிக்கும், படிநிலையையும் குறிக்கும். பாடலில் இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன.

மலையமான் மரபின் நினைவில் பாணர்க்கும் உயர்ந்த இடம் இருந்தது. மாறோக்கத்து நப்பசலையார், பகைவரின் யானை நெற்றியில் இருந்த பொன்னைக் கொண்டு செய்த தாமரைப் பூவைப் பாணர் தலையில் சூட்டிய முன்னோரின் வழித்தோன்றல் என மலையமானைப் பாராட்டுகிறார் (புறம். 126). போரில் கிடைத்த பொன் இசைக்கலைஞனின் அணியாக மாறியதைப் புகழும் இவ்வடிகள், புலவர்க்கு மட்டும் தனிநோக்கு வேண்டிய பாடலுக்கு ஓர் எதிர்முகமாக அமைகின்றன. ஆகவே கோவலூர் அவையில் கலைகளுக்கிடையே எவ்வகைச் சமநிலை நிலவியது என்பதை ஒரு பாடலைக் கொண்டு முடிவு செய்தல் பிழையாகும்.

கொடையே கலையை வாய்மூடச் செய்யும் நிலையையும் சங்கப் பாடல் ஒன்று காட்டுகிறது. கொல்லிமலைக்குரிய ஓரியைப் பாடிய வன்பரணர், பரிசில் பெற்ற தம் சுற்றத்தார் பசி நீங்கிய நிறைவில் ஆடுவதையும் பாடுவதையும் மறந்துவிட்டனர் என்கிறார் (புறம். 153). இதனை மிகைப்பட்ட புகழாகக் கொள்வது வழக்கம். கபிலரின் அறிவுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு பொருளும் தோன்றுகிறது. புரவலன் எவ்வளவு கொடுத்தான் என்பதற்குச் சான்றாக நிற்பது கலை நின்றுபோன காட்சி. கலைஞரைக் கூட்டுவதன் நோக்கம் கலை எனில், நிறைவான கொடையோடு அந்நோக்கம் முடிந்துவிடும் வாய்ப்பும் உண்டு என்பதைப் பாடல் தன்னையறியாமல் வெளிப்படுத்துகிறது.

இதனோடு ஒரு வரலாற்று முரணும் உள்ளது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு 209 தருகிறது. அதியமான் நெடுமானஞ்சி கோவலூரை அழித்த வெற்றியையும், அவ்வெற்றியைப் பரணர் பாடியதையும் ஔவையார் குறிக்கிறார் (புறம். 99). காரி, ஓரி, அதியமான் மூவருமே வள்ளல் எழுவருள் எண்ணப்படுவோர், மூவருமே கலைஞரைக் கூட்டியவர். ஒருவரின் அவையை மற்றவர் அழித்தனர். எனினும் பாடல்கள் பகையின் எல்லைகளைக் கடந்து ஒரே தொகையில் அருகருகே இடம்பெற்றன. அவைகள் அழிந்த பின்னும் அவற்றிடையே உரையாடலை நிலைக்கச் செய்தவர் புரவலர் அல்லர். ஊர்விட்டு ஊர் சென்ற கலைஞரும், அவர் பாடல்களைத் தொகுத்தோருமே அப்பணியைச் செய்தனர்.

புலவர்க்குப் புலவர் மறுமொழி

கலைஞரிடையே நிகழ்ந்த பரிமாற்றத்துக்கு நேரடிச் சான்று நப்பசலையாரின் அதே பாடலில் உள்ளது. மாசற்ற புலமையுடைய அந்தணன் ஒருவன், பின்வரும் இரவலர்க்குப் பாட இடமில்லாதபடி மலையமானின் புகழைப் பரக்கப் பாடிவிட்டான் என்கிறார். இவ்வந்தணனைக் கபிலர் எனக் கொள்வது உரைமரபு. சேரனின் கப்பல் பொன் கொண்டு சென்ற மேற்குக் கடலில் பிற கலங்கள் செல்ல இயலாதது போன்றது தம் நிலை என்று உவமை கூறி, ஆயினும் வறுமை துரத்தத் தாமும் வந்ததாகச் சொல்கிறார்.

மேலோட்டமாக நோக்கினால் இது அவையடக்கம். அமைப்பை நோக்கினால் நுட்பமான மறுமொழி. இனி இடமில்லை என்ற கூற்றையே நப்பசலையார் தமக்குரிய இடமாக மாற்றிக்கொள்கிறார். கபிலர் பாடாத ஒன்றை, அதாவது கபிலர் பாடியதனால் உண்டான நிலையை, அவர் பாடுகிறார். முன்னவர் காரியைப் பாடினார், பின்னவர் காரியைப் பற்றிய பாடலையும் சேர்த்துப் பாடினார். பரணரின் பாட்டை ஔவையார் தம் பாட்டுக்குள் சான்றாக அமைத்ததும் இவ்வகையே. இவர்கள் ஒரே நாளில் ஒரே அவையில் கூடியிருந்தனர் என்பதற்குச் சான்று தேவையில்லை. ஒருவர் சொல் மற்றவர் சொல்லுக்குள் மாறுபட்டு வாழ்வதே பரிமாற்றம். உடன் அமர்ந்திருத்தல் அதற்குத் துணையாகலாம், ஈடாகாது.

கபிலரின் முடிவைப் பற்றிய ஊர் நினைவும் இத்தொடர்ச்சியைக் காட்டுகிறது. பாரியின் மகளை மலையமான் குடியில் மணம் செய்வித்த பின், கபிலர் பெண்ணையாற்றில் தீப்புகுந்தார் என்னும் செய்தி திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. ஆற்றின் நடுவேயுள்ள பாறை கபிலக்கல் என அதில் சுட்டப்படுகிறது. ஓர் அவைக்கு வந்த புலவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்வூரின் நிலப்பெயராக மாறியிருக்கிறார். அவரை வரவழைத்த குடியின் கோட்டை எஞ்சவில்லை.

இடைகழி: புரவலன் இல்லாத கூடல்

திருக்கோவலூரோடு தொடர்புடைய இரண்டாம் கூடல் முதலாழ்வார் மூவருடையது. காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வாரும், மயிலையில் தோன்றிய பேயாழ்வாரும் மழைபெய்த ஓர் இரவில் இவ்வூர் இல்லம் ஒன்றின் இடைகழியில் ஒதுங்கினர் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் மட்டுமே அங்கு இடம் இருந்தது. நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, அவரை அறியும் முயற்சியில் மூன்று திருவந்தாதிகளும் பிறந்தன என்பது மரபு. மூவரும் சந்தித்த செய்தி பிற்கால நூல்களின் வழி வருவது. எனினும் முதல் திருவந்தாதியின் 86-ஆம் பாசுரத்தில் பொய்கையார், வாசலைக் கடந்து செல்லாமலும் உள்ளே புகாமலும் திருமால் திருமகளோடு கோவலின் இடைகழியைப் பற்றி நிற்பதைப் பாடியிருப்பதால், இடைகழி என்னும் படிமத்துக்கு அகச்சான்று உண்டு.

மலையமான் அவையோடு ஒப்பிடும்போது இக்கூடலின் இயல்புகள் தெளிவாகும். இங்குப் புரவலன் இல்லை, அழைப்பு இல்லை, பரிசில் இல்லை. இடத்தின் குறுக்கம் வரிசையையும் இல்லாததாக்கிவிட்டது. முதலில் வந்தவர் படுத்திருக்க முடியும். இரண்டாமவர் வந்தவுடன் அவர் எழுந்து அமர்கிறார். மூன்றாமவர் வந்தவுடன் இருவரும் எழுந்து நிற்கின்றனர். ஒவ்வொரு வருகையும் முன்னிருந்தவரின் வசதியைக் குறைக்கிறது. அக்குறைவை ஏற்றுக்கொள்வதே கூடலின் முதல் செயல். அவையில் வருவோரின் இடத்தைப் புரவலன் முடிவு செய்கிறான். இடைகழியில் முன்னிருந்தவர் நகர்ந்துகொடுக்கும் செயல் அதனை முடிவு செய்கிறது.

மூவரின் தொடக்கப் பாசுரங்கள் பரிமாற்றத்தின் இலக்கணத்தைக் காட்டுகின்றன. பொய்கையார் நிலத்தை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனை விளக்காகவும் கொண்டு புற உலகில் விளக்கேற்றுகிறார். பூதத்தார் அன்பு, ஆர்வம், சிந்தை ஆகியவற்றால் அகத்தில் ஞான விளக்கை ஏற்றுகிறார். பேயார் விளக்கேற்றவில்லை, கண்ட காட்சியைக் கூறுகிறார். இரண்டாமவர் முதலாமவரின் உருவகத்தை ஏற்று அதன் களத்தை மாற்றுகிறார். மூன்றாமவர் உருவகத்தையே விட்டுவிட்டு அதன் பயனைப் பற்றுகிறார். முன்னவரை மறுக்காமலும் வழிமொழியாமலும் அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் முறை இது. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி யாப்பு நூறு பாடல்களுக்குள் செய்வதை, மூன்று நூல்களும் தமக்குள் பொருளளவில் செய்கின்றன.

இக்கூடலுக்கும் எல்லை உண்டு. மூவரும் ஒரே கலையை, ஒரே யாப்பை, ஒரே பத்திநெறியைச் சார்ந்தோர். அங்கே பாணனின் யாழோ கூத்தரின் முழவோ இல்லை. சமநிலை எளிதாகக் கைகூடியதற்கு இவ்வொற்றுமையும் ஒரு காரணம். வேறுபட்ட கலைகள் கூடும் அவையில் வரிசைச் சிக்கல் எழுந்தது, ஒத்த கலைஞர் கூடிய இடைகழியில் அது எழவில்லை. வேற்றுமையும் சமநிலையும் ஒருங்கே அமையும் இடம் எது என்ற வினா எஞ்சுகிறது.

மலைவழி: கூத்தராற்றுப்படையின் அறிவுப் பகிர்வு

அவ்வினாவுக்கு மலைபடுகடாம் ஒரு விடையைத் தருகிறது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் 583 அடிகள் கொண்ட இந்நூலை இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கத்தையும் நவிரமலையையும் சார்ந்த நன்னன் மீது பாடினார். அந்நிலம் கள்ளக்குறிச்சிக்கு வடக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கும். ஆயினும் மலையும் ஆறும் சார்ந்த அதே வட்டாரத்தின் கலைஞர் வாழ்வை இந்நூல்போல் விரிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே ஒரு பகிர்வு முறை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், அதே தொழிலைச் செய்யும், அதே பரிசிலுக்குப் போட்டியாளனாக வரக்கூடிய மற்றொருவனுக்கு வழி சொல்கிறான். தான் அறிந்ததை மறைப்பதால் கிடைக்கும் பயனை விட்டுக்கொடுப்பதே இவ்வகையின் அறம். நூலின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, கோடு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனப் பல இசைக்கருவிகள் எண்ணப்படுகின்றன. பலாமரத்தில் காய்கள் தொங்குவது போல அவை பைகளில் கட்டித் தூக்கிச் செல்லப்படுகின்றன. வெவ்வேறு கருவிக்குரியோர் ஒரே சுமையை ஒரே வழியில் சுமந்து செல்லும் இக்குழுவே பல்துறைக் கூடலின் நடைமுறை வடிவம்.

வழியின் இடர்கள் மிக நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என ஒவ்வொன்றும் இடமும் வேளையும் குறித்து விளக்கப்படுகிறது. இவை அனைத்தும் மலைவாழ் மக்களிடமிருந்து கற்றவை. அவர்களே விருந்தளித்து, தினைச்சோறும் ஊனும் தந்து, வழி தவறியவர்க்கு வழிகாட்டுகின்றனர். நன்னனின் அவை கூத்தரை வரவேற்பதற்கு நெடுநேரம் முன்பே மலைக்குடிகள் அவரை வரவேற்றுவிடுகின்றனர்.

கவரும் ஒரு செய்தி வழிக்குறி பற்றியது. பழக்கமில்லாத நிலத்தில் வழிகள் பிரியும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளமாக இடுமாறு கூத்தர்க்குச் சொல்லப்படுகிறது. அம்முடிச்சு இடுபவனுக்குப் பயன்படாது, அவன் அறியாத, பின்னால் வரும் ஒருவனுக்கே பயன்படும். கலைஞரின் கூடல் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் நிகழ வேண்டும் என்ற எண்ணத்தை இச்சிறு செயல் தகர்க்கிறது. முன்சென்றவனும் பின்வருபவனும் ஒரு புல்முடிச்சில் சந்திக்கின்றனர்.

நன்னனின் அவையைப் பற்றிய குறிப்பும் கபிலரின் வரிசைக் கருத்துக்குத் துணையும் மாற்றும் ஆகிறது. நல்லோர் கூடிய அவ்வவையில், வந்தவர் தம் கலையை எடுத்துரைக்கும் வன்மை இல்லாதவராயினும், அவர் குறையை மறைத்து, அவர் சொல்ல வந்ததைத் தாமே சொல்லிக்காட்டி, சோர்வில்லாமல் விளக்கி, நன்முறையில் நடத்துவது நன்னன் சுற்றத்தாரின் ஒழுக்கம் எனப் போற்றப்படுகிறது. இங்கு வல்லவனும் வல்லாதவனும் ஒன்றாக எண்ணப்படவில்லை, வேறுபாடு அறியப்படுகிறது. அறிந்தபின் செய்யப்படுவது ஒதுக்குதல் அன்று, தாங்குதல். தரம் அறிதலைப் படிநிலையிலிருந்து பிரித்துக் காட்டும் இடம் இதுவே. அவையின் பெருமை புரவலனுக்கு மட்டும் உரியதாகாமல், அவையில் அமர்ந்திருப்போர் அனைவரின் ஒழுக்கமாகவும் விரிவதும் இங்கேதான்.

அவைக்கு வெளியே நின்றோர்

மேற்கண்ட மூன்று கூடல்களிலும் ஒரு குறை பொதுவாக உள்ளது. மலைமக்கள் வழிகாட்டிகளாகவும் விருந்தளிப்போராகவும் வருகின்றனர், அவையில் பேசுவோராக வருவதில்லை. மலைபடுகடாத்தில் அவர்களின் அறிவு கூத்தனின் வாய்வழியே வெளிப்படுகிறது. மலையமான் என்ற பெயரிலேயே மலை இருந்தும், அம்மலையின் மக்கள் காரியின் அவையில் என்ன சொன்னார்கள் என்பதை எப்பாடலும் பதிவு செய்யவில்லை.

கல்வராயன்மலையில் இன்று வாழும் மலையாளி பழங்குடியினரைச் சங்கப் பாடல்களின் குறவரோடு நேரடியாக இணைக்க இயலாது. அவர்களிடையே வழங்கும் குடியேற்றக் கதையே அவர்கள் வேறிடத்திலிருந்து மலைக்கு வந்ததாகக் கூறுகிறது. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்னும் இக்கதை, 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பிலும் இடம்பெற்றது. இதனை இடைகழிக் கதையோடு ஒப்பிடுவது பயன்தரும். சமவெளியின் கதையில் மூன்று ஊர்களிலிருந்து வந்த மூவர் ஓரிடத்தில் கூடுகின்றனர். மலையின் கதையில் ஓரூரிலிருந்து வந்த மூவர் மூன்று இடங்களுக்குப் பிரிகின்றனர். முன்னது எழுத்தில் பாதுகாக்கப்பட்டு, உரையும் விழாவும் பெற்றது. பின்னது வாய்மொழியாகவே நின்று, வெளியார் தொகுப்பின் வழி எழுத்தை அடைந்தது. பிரிந்தோர் தம்முள் பகிர்ந்துகொண்ட அறிவை ஆராய அவைநோக்கு மட்டும் போதாது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

ஆய்வுலகிலும் இப்பாடம் பொருந்தும். திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981-இல் அறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இதற்கு எடுத்துக்காட்டு. அதியமான் நெடுமானஞ்சி அளித்த பள்ளியைக் குறிக்கும் அவ்வொற்றை வரி அவனை சதியபுதோ என்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினா இதன்வழிப் புதிய விளக்கம் பெற்றது. எழுத்தியல் அறிந்தவர், பிராகிருதம் அறிந்தவர், புறநானூறு அறிந்தவர் ஆகியோரின் அறிவு ஒன்றுசேராமல் அவ்வரியைப் படிக்க முடியாது. அதன் காலத்தையும் சொல்லாட்சியையும் பற்றிய விவாதங்கள் தொடர்வதும் அத்துறைகள் ஒன்றையொன்று திருத்திக்கொள்வதன் அடையாளம். கோவலூரை அழித்ததாகப் பாடப்பட்டவனின் பெயர் அவ்வூருக்கு அண்மையிலேயே, அழிவோடு சேராமல் துறவியர்க்களித்த உறைவிடத்தோடு சேர்ந்து கிடைத்தது, ஒரு துறையின் சான்றை மட்டும் நம்பி எழுதும் வரலாற்றுக்கு எச்சரிக்கையாகும்.

முடிவுரை

கோவலூரைச் சார்ந்த இலக்கியச் சான்றுகள் கூடலைப் பற்றி மூன்று கருத்துகளைத் தருகின்றன. முதலாவது, கொடுத்தலினும் அறிதல் அரிது என்னும் கபிலரின் கருத்து. பரிசிலும் சிறப்பும் வழங்கிப் பலரை ஓரிடத்தில் சேர்ப்பது தொடக்கம் மட்டுமே, ஒவ்வொருவர் சொல்லையும் அதற்குரிய அளவில் கேட்பதே கூட்டியவரின் கடமை. இரண்டாவது, இடைகழி தரும் கருத்து. புதியவர் வரும்போது முன்னிருந்தவர் தம் இருக்கையைச் சுருக்கிக்கொள்ளாமல் பரிமாற்றம் நிகழாது. மூன்றாவது, மலைபடுகடாம் தரும் கருத்து. பேச வன்மையற்றவரைத் தாங்குவதும், பின்வருவோர்க்கு வழிக்குறி விட்டுச்செல்வதும் கூடலின் அறம்.

இம்மூன்றுள் எதுவும் தனித்து முழுமை பெறவில்லை. வரிசை அறிதல் தனித்து நின்றால் படிநிலையாக இறுகும். சமநிலை தனித்து நின்றால் ஒத்தவர் மட்டும் கூடும் இடமாகக் குறுகும். வழிகாட்டுதல் தனித்து நின்றால் வழியை அறிந்த மலைமக்களைப் பெயரற்ற துணைவராக்கிவிடும். மலையமானின் பெயரில் மலையை வைத்துப் போற்றிய இலக்கியம் அம்மலையின் குரலைப் பதிவு செய்யாது விட்டது. கள்ளக்குறிச்சியின் சமவெளி இலக்கியத்தையும் கல்வராயன்மலையின் வாய்மொழி வழக்காறுகளையும் ஒருசேர வைத்து ஆராயும் முயற்சிகள், மலைமக்களைத் தரவு தருவோராக மட்டும் கொள்ளாமல் பொருள் கூறுவோராகவும் ஏற்கும்போதே அவ்விடைவெளி நிரம்பத் தொடங்கும்.